பலகை விழுந்தால் சாலை இல்லை: மிசிசிப்பி கரையோரச் சாலையைக் காக்கும் தன்னார்வலர்களோடு சேர ஒரு முழு வழிகாட்டி

மினசோட்டா மாநிலத்தில் இட்டாஸ்கா ஏரியிலிருந்து மிசிசிப்பி ஆறு வெளியே வரும் இடத்தில் வரிசையாகக் கற்கள் கிடக்கின்றன. குழந்தைகள் அவற்றின்மேல் கால் வைத்து ஆற்றைத் தாண்டிவிடுகிறார்கள். அங்கிருந்து ஏறத்தாழ 3,770 கிலோமீட்டர் ஓடி, லூசியானாவுக்குத் தெற்கே மெக்சிகோ வளைகுடாவில் கலக்கிறது அந்த ஆறு. அதன் கூடவே பத்து மாநிலங்கள் வழியாகப் போகிற சாலைக்கு ‘கிரேட் ரிவர் ரோடு’ என்று பெயர். பல இடங்களில் இரு கரைகளிலும் போவதால் மொத்த நீளம் சுமார் 3,000 மைல்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இப்படி ஒரு சாலையை யாரும் புதிதாகப் போடவே இல்லை. மாநில நெடுஞ்சாலை, கவுன்டி ரோடு, ஊர் நடுவே போகும் மெயின் ஸ்ட்ரீட் என்று ஏற்கெனவே கிடந்த துண்டுகளைச் சேர்த்துத் தைத்ததுதான் இந்தச் சாலை. தைத்த நூல், வழியெங்கும் நிற்கும் ஒரு பலகை. நீராவிக் கப்பலின் சுக்கான் சக்கரத்தைப் பச்சை நிறத்தில் போட்டு, நடுவில் ஒரு கப்பலை வரைந்திருப்பார்கள். ஒரு திருப்பத்தில் அந்தப் பலகை விழுந்துவிட்டால், அந்த இடத்தில் சாலை அறுந்துவிட்டது என்றே அர்த்தம். தார் அப்படியே இருக்கும். வண்டிகளும் போகும். ஆனால் ஆற்றைப் பார்க்க வந்தவர் நேராகப் போய் ஏதோ ஒரு சோளக் காட்டில் நிற்பார்.

இந்தச் சாலையைக் காப்பதில் உண்மையான வேலை எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்: பலகை, கூட்டம், கடிதம், களை. புகைப்படம் எடுப்பது அப்புறம். அமெரிக்காவின் மத்திய மேற்கிலோ தெற்கிலோ வசித்துக்கொண்டு, வார இறுதியில் உருப்படியாக ஏதாவது செய்யலாமே என்று நினைக்கும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். வேறு ஏதாவது எழில்மிகு சாலையின் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் படி: எதைக் காக்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

1938-இல், ரூஸ்வெல்ட் அரசின் உள்துறைச் செயலர் ஹெரால்டு இக்கிஸ் தூண்டுதலால் ஆற்றோர மாநிலங்கள் கூடி ஓர் ஆணையம் அமைத்தன. இன்றைய ‘மிசிசிப்பி ரிவர் பார்க்வே கமிஷன்’ அதன் வாரிசு. ஆற்றோரமாக முழுக்க முழுக்கப் புதிய பூங்காச் சாலை ஒன்று போட வேண்டும் என்பதே அன்றைய கனவு. 1950களின் தொடக்கத்தில் மத்திய அரசின் ஆய்வு, செலவு கட்டுப்படியாகாது, இருக்கும் சாலைகளையே மேம்படுத்தி இணைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது. அப்படித்தான் ஒட்டுத்துணிச் சாலை பிறந்தது. 1973-இல் மத்திய நெடுஞ்சாலைச் சட்டம் இதற்கென்று கொஞ்சம் பணமும் ஒதுக்கியது.

பிறகு 1991-இல் தேசிய எழில்வழிச் சாலைத் திட்டம் வந்தது. ஒரு சாலை அந்தப் பட்டியலில் இடம்பெற ஆறு வகைச் சிறப்புகளில் ஒன்றாவது இருக்க வேண்டும்: காட்சி அழகு, இயற்கை, வரலாறு, பண்பாடு, தொல்லியல், பொழுதுபோக்கு. அதைவிட உயர்ந்த ‘ஆல் அமெரிக்கன் ரோடு’ தகுதிக்கு இரண்டு வேண்டும். 2012-இல் இந்தத் திட்டத்துக்கான தனி நிதியை நிறுத்திவிட்டார்கள். பல சாலைகளின் அமைப்புகள் அந்தக் காலத்தில் வற்றிப்போயின. 2019-இல் வந்த ஒரு சட்டம் திட்டத்துக்கு மறுபடி உயிர் கொடுக்க, 2021 பிப்ரவரியில் ஒரே வீச்சில் 49 சாலைகளுக்குப் புதிய தகுதி அறிவிக்கப்பட்டது.

இந்த வரலாறு எதற்கு என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. மத்திய அரசின் பணம் வரும், போகும். இடைப்பட்ட காலத்தில் சாலையைச் சாலையாக வைத்திருந்தவர்கள் உள்ளூர்த் தன்னார்வலர்கள். கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எழுபது வயதுக்காரர் ‘பணமே இல்லாத வருஷங்கள்’ என்று பேச ஆரம்பித்தால், அவர் எதைச் சொல்கிறார் என்று உங்களுக்குப் புரிய வேண்டும்.

இரண்டாம் படி: ஒரு துண்டைத் தேர்ந்தெடுங்கள்

3,000 மைலையும் காதலிக்கலாம். கவனித்துக்கொள்ள முடிவது முப்பது மைல். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச்சேரக்கூடிய ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மினியாபொலிஸ் பக்கம் இருப்பவர்களுக்கு ஹேஸ்டிங்ஸிலிருந்து ரெட் விங் வழியாக லேக் சிட்டி வரை. எதிர்க்கரையில் விஸ்கான்சின் துண்டு; பெரும்பாலும் 35-ஆம் நெடுஞ்சாலை வழியாக, பிரெஸ்காட்டில் தொடங்கித் தெற்கே சுமார் 250 மைல் போகிறது. செயின்ட் லூயிஸ்காரர்களுக்கு இல்லினாயில் ஆல்ட்டனிலிருந்து கிராஃப்டன் வரை, ஒரு பக்கம் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைச் சுவர், மறுபக்கம் ஆறு. மெம்ஃபிஸ், பேட்டன் ரூஜ், நியூ ஆர்லியன்ஸில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், ஆறு வீட்டு வாசலில்.

வடக்கும் தெற்கும் ஒன்றல்ல. விஸ்கான்சின், மினசோட்டா, அயோவா சந்திக்கும் பகுதியைப் பனியுகப் பனிப்பாறைகள் அரைக்காமல் விட்டுவிட்டன. அதனால் ஆற்றின் இருபுறமும் 150 மீட்டர் வரை உயரும் குன்றுகள். அங்கே சண்டை எல்லாம் காட்சியைக் காப்பாற்றத்தான். லூசியானாவில் நிலைமை தலைகீழ். சாலையில் போனால் ஆறே தெரியாது. நம் ஏரிக்கரை மாதிரி, ஆனால் அதைவிடப் பெரிதாக, வெள்ளத்தடுப்புக் கரை எழுப்பி வைத்திருக்கிறார்கள். அதன் மேல் ஏறினால்தான் தண்ணீர். பேட்டன் ரூஜுக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் இடையில் பழைய கரும்புத் தோட்ட மாளிகைகளும் பெட்ரோகெமிக்கல் ஆலைகளும் மாறிமாறி வரும். அங்கே தன்னார்வலர் காக்க வேண்டியது பெரும்பாலும் கதையை. அதைப் பிறகு சொல்கிறேன்.

தேர்ந்தெடுத்த துண்டை இரண்டு முறை ஓட்டுங்கள், இரு திசைகளிலும். வடக்கே போகும்போது கண்ணுக்குப் படும் பலகை தெற்கே வரும்போது இருக்காது. ஒருவர் ஓட்ட, ஒருவர் எழுத வேண்டும். தனியாகப் போய், ஓட்டிக்கொண்டே போனில் குறிப்பெடுக்கும் ஆசை வேண்டாம்.

மூன்றாம் படி: சாவி யார் கையில் என்று கண்டுபிடியுங்கள்

புதிதாக வருபவர்கள் சோர்ந்துபோவது இங்கேதான். எல்லாவற்றுக்கும் ஒரே அலுவலகம் இருக்கும் என்று நினைத்து ஒரு மின்னஞ்சல் போடுவார்கள், பதில் வராது. இந்தச் சாலைக்கு ஒரே முதலாளி கிடையாது. தாரும் பலகையும் மாநிலப் போக்குவரத்துத் துறையின் மாவட்ட அலுவலகத்துடையது. கவுன்டி ரோட்டுப் பகுதி என்றால் கவுன்டியின் நெடுஞ்சாலைப் பொறியாளர். ஊருக்குள் நகர மன்றம். ஆற்றில் இருக்கும் அணைகளும் படகுகளை ஏற்றி இறக்கும் லாக்குகளும் ராணுவப் பொறியாளர் படைக்குச் சொந்தம். மேல் மிசிசிப்பியில் வபாஷாவிலிருந்து ராக் ஐலண்ட் அருகே வரை 261 மைல் நீளத்துக்கு ஒரு தேசிய வனவிலங்கு சரணாலயம் இருக்கிறது; அது மத்திய வனவிலங்குத் துறையின் கையில். சாலையை அடுத்த குன்று பெரும்பாலும் யாரோ ஒரு விவசாயியின் நிலம்.

இவர்களை எல்லாம் ஒரு மேசைக்குக் கொண்டுவருவதே கமிஷனின் வேலை. ஒவ்வொரு மாநிலத்திலும் அதற்கு ஒரு கிளை உண்டு. முதலில் உங்கள் மாநிலக் கிளையின் கூட்டம் எப்போது என்று பார்த்து, போய் உட்காருங்கள். முதல் கூட்டத்தில் பேச வேண்டாம் என்பது என் தாழ்மையான யோசனை. யார் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள் என்று கவனித்தாலே பாதி விஷயம் பிடிபட்டுவிடும்.

அந்தச் சரணாலயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1920களில் வின்னெஷீக் பகுதியின் ஆற்றோரச் சதுப்பு நிலங்களை வடித்து விவசாய நிலமாக்க ஒரு திட்டம் வந்தது. சிகாகோவைச் சேர்ந்த வில் டில்க் என்ற தூண்டில்காரர், தாம் தலைமை தாங்கிய ஐசக் வால்ட்டன் லீக் என்ற மீன்பிடிப்போர் அமைப்பின் உறுப்பினர்களைத் திரட்டி வாஷிங்டனை நச்சரித்தார். 1924-இல் காங்கிரஸ் சரணாலயச் சட்டத்தை நிறைவேற்றியது. இன்று அந்தச் சாலையில் போகிறவர் பார்த்து வியக்கும் தீவுகளும் நீர்வழிகளும் அல்லி மண்டிய உப்பங்கழி மாதிரியான குட்டைகளும் மீன்பிடிப்பவர்கள் சிலர் பிடிவாதம் பிடித்ததால் மிச்சமானவை.

விசாவில் இருப்பவர்களுக்கு: ஊதியமே இல்லாத, வழக்கமாகத் தன்னார்வலர்களே செய்கிற சேவைக்குப் பொதுவாகத் தடை இல்லை. ஆனால் ‘சும்மா ஒரு சிறு தொகை’ என்று எதையாவது கையில் திணித்தால் வாங்காதீர்கள். சந்தேகம் வந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நான்காம் படி: பலகைக் கணக்கு

எனக்குப் பிடித்த வேலை இது, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

ஒரு நோட்டுப்புத்தகம், ஒரு போன் போதும். சாலை திரும்பும் ஒவ்வொரு சந்திப்பிலும் மூன்று கேள்வி. திருப்பத்துக்கு முன்னால் பலகை இருக்கிறதா? திரும்பிய பிறகு ‘சரியான வழியில்தான் வந்திருக்கிறாய்’ என்று உறுதி சொல்லும் இன்னொரு பலகை இருக்கிறதா? எதிர்த் திசையிலிருந்து வருபவருக்கும் இந்த இரண்டும் இருக்கின்றனவா? இல்லாத பலகையையும் இருக்கும் பலகை போலவே பதிவு செய்ய வேண்டும். ‘பலகை இருக்க வேண்டிய இடம், காணவில்லை’ என்று வெறும் புல்லைப் படம் எடுப்பது முதலில் கிறுக்குத்தனமாகத் தோன்றும். ஆனால் பொறியாளருக்கு அந்தப் படம்தான் வேண்டும்.

ஒவ்வொரு பதிவிலும் நெடுஞ்சாலை எண், அருகிலுள்ள குறுக்குச் சாலை, பயணத் திசை, மைல்கல் எண், போன் காட்டும் இருப்பிடம், தேதி எல்லாம் இருக்கட்டும். நிலைமையைச் சொல்ல நாலு வார்த்தை போதும்: நன்று, மங்கியது, சாய்ந்தது, இல்லை. மங்கியதா என்று பகலில் தெரியாது. ஒரு நாள் இருட்டிய பிறகு ஓட்டிப் பாருங்கள். வண்டி விளக்கில் மின்னாத பலகை பகலில் எவ்வளவு அழகாக இருந்தாலும் செத்த பலகைதான். கோடையில் ஒருமுறை, இலையுதிர்ந்த பிறகு ஒருமுறை பார்ப்பது நல்லது. ஜூலையில் ‘காணவில்லை’ என்று எழுதிய பலகை நவம்பரில் ஒரு மரக்கிளைக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்க்கும். அதற்குப் புதுப் பலகை வேண்டாம், கிளையை வெட்டினால் போதும்.

இப்போது நான் செய்த தப்பு. முதல் வருடம், ஒரு சந்திப்பில் கம்பத்தோடு விழுந்து கிடந்த பலகையைப் பார்த்தேன். ஆர்வக்கோளாறு. வண்டியில் மண்வெட்டி வேறு இருந்தது. நானே குழி தோண்டி நட்டுவிட்டு, பெருமையாக ஒரு படமும் எடுத்துக்கொண்டேன். படத்தைப் பார்த்த பழைய தன்னார்வலர் ஒருவர் சிரித்துவிட்டார். அம்புக்குறி எதிர்ப்பக்கம் காட்டிக்கொண்டிருந்தது. விஷயம் அத்தோடு போகவில்லை. நெடுஞ்சாலை எல்லைக்குள் தனிநபர் பலகை நடக் கூடாது. மண்ணுக்கு அடியில் எரிவாயுக் குழாயும் கேபிளும் ஓடும். அமெரிக்காவில் எங்கே தோண்டுவதானாலும் முன்கூட்டியே 811-க்கு அழைத்துச் சொல்ல வேண்டும். வண்டி மோதினால் உடைந்து வழிவிடும்படியான கம்பம்தான் சாலையோரம் நிற்கலாம். நான் நட்ட விதத்தில் அது உடைந்திருக்காது. ஆக, பார்ப்பது, எழுதுவது, அனுப்புவது வரைதான் நம் வேலை. நடுவது அவர்கள் வேலை.

அனுப்பும்போது ஐம்பது மின்னஞ்சல் போடாதீர்கள். ஒரே பட்டியலாக, அவசரமானதை மேலே வைத்து, ஒரே கோப்பாக மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பி, மாநிலக் கிளைக்கும் ஒரு பிரதி போடுங்கள். பட்டியல் குளிர்காலத்தில் அவர்கள் கையில் இருந்தால் வசந்தத்துப் பலகை வேலையோடு சேர்ந்துவிட வாய்ப்பு அதிகம். மே மாதம் அனுப்பினால் அடுத்த வருடம்தான்.

ஐந்தாம் படி: குப்பையும் களையும்

நெடுஞ்சாலையைத் தத்தெடுக்கும் திட்டம் 1985-இல் டெக்சஸில் தொடங்கியது. இன்று பெரும்பாலான மாநிலங்களில் இருக்கிறது. ஒரு குழுவாகப் பெயர் கொடுத்தால், பொதுவாக இரண்டு மைல் தருவார்கள். வருடத்துக்குச் சில முறை சுத்தம் செய்ய வேண்டும். பளிச்சென்ற மேலாடையும் பைகளும் அவர்களே தருவார்கள். சாலையின் ஒரே ஓரத்தில், வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடக்க வேண்டும். ஊசி, மூடிய பாட்டிலில் மஞ்சளாக ஏதாவது, இரசாயன டப்பா எதையும் தொடாமல் இடத்தைக் குறித்துச் சொல்லிவிட வேண்டும். தமிழ்ச் சங்கங்கள் எளிதாகச் செய்யக்கூடியது இது. சங்கத்தின் பெயரைச் சாலையோரப் பலகையில் போடுவார்கள் என்பது கூடுதல் சந்தோஷம்.

ஆற்றுக்குள் இறங்கிச் சுத்தம் செய்ய ஆசையா? இல்லினாயின் ஈஸ்ட் மொலினில் வளர்ந்த சாட் பிரக்ராக்கி, சின்ன வயதில் சிப்பி எடுக்க மூழ்கும் வேலை செய்தவர். ஆற்றுப் படுகையில் கிடந்த டயரும் பீப்பாயும் பொறுக்காமல், 1998-இல் ‘லிவிங் லேண்ட்ஸ் அண்ட் வாட்டர்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். சரக்குத் தெப்பத்தில் ஊர் ஊராகப் போய், உள்ளூர் மக்களைப் படகில் ஏற்றிக் குப்பை அள்ளும் குழு அது. இதுவரை ஒரு கோடி பவுண்டுக்கும் மேல் அள்ளியிருக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பக்கம் தெப்பம் எப்போது வருகிறது என்று பார்த்து ஒரு நாள் கொடுத்தால் போதும். முன் அனுபவம் வேண்டாம்.

களை வேலை யாரும் படம் எடுக்காத வேலை. மேல் மிசிசிப்பிக் குன்றுகளின் தென்மேற்குச் சரிவுகளில் மரமில்லாத புல்வெளிகள் உண்டு. உள்ளூரில் ‘கோட் பிரெய்ரி’ என்பார்கள். ஆடு மட்டும்தான் நிற்க முடியும் என்ற அளவுக்குச் செங்குத்து. பழைய காலத்தில் அவ்வப்போது தீ ஓடிப் புல்வெளியைப் புல்வெளியாக வைத்திருந்தது. தீயை நிறுத்தியதும் செஞ்சீடர் மரமும் பக்தார்ன் புதரும் ஏறிவிட்டன. பக்தார்ன் ஐரோப்பாவிலிருந்து வேலிக்காகக் கொண்டுவந்தது. நம் ஊர்ச் சீமைக்கருவேலக் கதைதான். இலையுதிர்காலத்தில் மற்ற எல்லாம் பழுத்த பிறகும் அது மட்டும் பச்சையாக நிற்கும். அப்போது கண்டுபிடித்து வெட்டுவது எளிது. வெட்டிய அடிக்கட்டையில் மருந்து தடவாவிட்டால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். மருந்து தடவ, திட்டமிட்டுத் தீ வைக்க, பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். நீங்கள் வெட்டுங்கள், இழுங்கள், குவியுங்கள். அடுத்த நாள் இடுப்பு தகவல் சொல்லும்.

ஆறாம் படி: காட்சியைக் காப்பது, அதாவது கூட்டத்துக்குப் போவது

குப்பையை இந்த வாரம் விட்டால் அடுத்த வாரம் எடுக்கலாம். குன்றின் உச்சியை வெட்டிவிட்டால் திரும்ப வராது. அதனால் எனக்கு நேரம் குறைவு, ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்று யாராவது சொன்னால், கவுன்டி மன்றக் கூட்டத்துக்குப் போங்கள் என்பேன்.

விளம்பரப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். 1991 சட்டப்படி, எழில்வழிச் சாலையாக அறிவிக்கப்பட்ட முக்கிய நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் புதிதாகப் பெரிய விளம்பரப் பலகை வைக்க முடியாது. ஆனால் வணிகப் பகுதி, தொழிற்பகுதி என்று வகைப்படுத்திய துண்டுகளை அறிவிப்பிலிருந்தே கழித்துவிட வழி இருக்கிறது. யாரோ ஒருவர் ஒரு வயலை ‘வணிகம்’ என்று மாற்றக் கேட்டு மனுப் போடுவார். மனுவில் விளம்பரப் பலகை என்ற வார்த்தையே இருக்காது. அது வெறும் நில உபயோக மாற்றம். நிகழ்ச்சி நிரலின் ஒன்பதாவது அம்சமாக, இரவு எட்டரை மணிக்கு வரும். அப்போது அந்த அறையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரா என்பதில்தான் எல்லாம்.

பொதுமக்கள் பேச வழக்கமாக இரண்டு மூன்று நிமிடம்தான் கொடுப்பார்கள். பெயர், எந்த ஊர் என்று சொல்லுங்கள். கவுன்டியில் குடியிருப்பவர் பேசினால் மதிப்பு அதிகம். நீங்கள் வெளியூர் என்றால் உள்ளூர்க்காரர் ஒருவரைப் பேசச் சொல்லி நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். ‘அழகு கெட்டுவிடும்’ என்று மட்டும் பேசினால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தச் சாலைக்கென்று பெருவழி மேலாண்மைத் திட்டம் ஒன்று இருக்கும். 1995-இல் மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் வெளியிட்ட கொள்கை அதில் 14 அம்சங்கள் இருக்க வேண்டும் என்கிறது. சிறப்பிடங்களின் வரைபடம், அவற்றைக் காக்கும் வழி, விளம்பரப் பலகை விதி, மக்கள் பங்கேற்பு எல்லாம் அதில் வரும். அதன் இன்ன பக்கத்தில் இந்தக் குன்றைக் காப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறீர்களே என்று பக்க எண்ணோடு கேட்டால் நிமிர்ந்து உட்காருவார்கள். எழுத்தில் ஒரு பிரதியையும் கொடுத்துவிடுங்கள், பதிவேட்டில் ஏறும்.

இது வீண் வேலை என்று நினைப்பவர்களுக்கு வினோனா கதையைச் சொல்கிறேன். அந்த வட்டாரக் குன்றுகளில் இருக்கும் சிலிக்கா மணல், பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கும் கிணறுகளுக்கு மிகவும் தோதானது. 2010-ஐ ஒட்டிய வருடங்களில் மணல் சுரங்கங்கள் முளைக்கத் தொடங்கின. மினசோட்டாவின் வினோனா கவுன்டி மக்கள் கூட்டத்துக்குக் கூட்டம் வந்து உட்கார்ந்தார்கள், கடிதம் எழுதினார்கள். 2016 நவம்பரில் அந்தக் கவுன்டி இத்தகைய மணல் சுரங்கத்துக்குத் தடை விதித்தது. சுரங்க நிறுவனம் வழக்குப் போட்டது. 2020-இல் மாநில உச்ச நீதிமன்றம் தடை செல்லும் என்றது. அங்கே ஆற்றோரமாக 61-ஆம் நெடுஞ்சாலையில் போகும்போது மேலே நிமிர்ந்து குன்றுகளைப் பாருங்கள்.

ஏழாம் படி: யாருடைய கதை?

சாலையோரத் தகவல் பலகைகள் பல, ‘இந்த இடத்தைக் கண்டுபிடித்தவர்’ என்று ஆரம்பிக்கும். 1832-இல் ஸ்கூல்கிராஃப்ட் என்ற ஆய்வுப்பயணி ஆற்றின் பிறப்பிடத்தைக் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். அவரை அங்கே கூட்டிப்போனவர் ஓசாவிண்டிப் என்ற ஒஜிப்வே பூர்வகுடித் தலைவர். வழி தெரிந்தவர் கூட்டிப்போன இடத்தைக் கண்டுபிடித்தேன் என்று சொல்வது எப்படி? இட்டாஸ்கா என்ற பெயரே பூர்வகுடிப் பெயர் போல ஒலிக்கிறதே தவிர, ‘வெரிட்டாஸ் காபுட்’ என்ற லத்தீன் சொற்களின் தலையையும் வாலையும் வெட்டிச் செய்தது.

பழைய பலகைக்குப் பதில் புதுப் பலகை எழுதும் வாய்ப்பு வந்தால், முதலில் சம்பந்தப்பட்ட மக்களிடம் போங்கள். எழுதி முடித்த பிறகு ‘சரிதானே?’ என்று காட்டுவது கேட்பதாகாது. ரெட் விங்கில் ஊருக்கு மேலே நிற்கும் குன்றை டக்கோட்டா மக்கள் ‘ஹெ ம்னி சான்’ என்கிறார்கள். குன்று, நீர், மரம் மூன்றும் சேர்ந்த பெயர். நகரம் இப்போது அந்தப் பெயரையும் சேர்த்தே பயன்படுத்துகிறது. அயோவாவின் எஃபிஜி மவுண்ட்ஸில் 200-க்கும் மேற்பட்ட மண்மேடுகள் உள்ளன, சில கரடி, பறவை வடிவில். அந்த மேடுகளில் பல கல்லறைகளும் கூட, ஏறி நின்று செல்ஃபி எடுக்கும் மேடை அல்ல. லூசியானாவில் நெடுங்காலம் மாளிகைத் தூண்களையும் ஓக் மரங்களையும் மட்டுமே காட்டிக்கொண்டிருந்தார்கள். 2014-இல் திறந்த விட்னி தோட்ட அருங்காட்சியகம், அங்கே அடிமைகளாக உழைத்தவர்களின் வாழ்க்கையை நடுவில் வைத்தது. அந்தப் பக்கம் வழிகாட்டியாகத் தன்னார்வம் செய்ய நினைத்தால் முதலில் அங்கே ஒரு முழு நாள் இருந்துவிட்டு வாருங்கள்.

பலகை எழுதும் நுட்பம் எளிது: நின்று படிப்பவர் ஒரு நிமிடம்கூட நிற்க மாட்டார். எழுபது எண்பது வார்த்தைக்குள் முடியுங்கள்.

எட்டாம் படி: ஆட்களைக் கூட்டிவருவது

செப்டம்பர் மாதத்தைக் கமிஷன் ‘கிரேட் ரிவர் ரோடில் ஓட்டும் மாதம்’ என்று கொண்டாடுகிறது. ஆனால் இலை நிறம் மாறும் அக்டோபர் வார இறுதியில் சின்ன ஊர்கள் ஏற்கெனவே திணறும். அன்றைக்கு இன்னும் ஐநூறு பேரை அழைத்துவருவது உதவியல்ல. வெறிச்சென்று கிடக்கும் மாதத்துக்கு ஆள் சேர்ப்பதே கெட்டிக்காரத்தனம். ஜனவரியில் ஆறு உறைந்தாலும் அணைகளுக்குக் கீழே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். மீன் தேடி வெண்தலைக் கழுகுகள் கூடும். வபாஷாவில் தேசியக் கழுகு மையமே இருக்கிறது. குழந்தைகளோடு குளிர்காலத்தில் எங்கே போவது என்று விழிக்கும் நம் குடும்பங்களுக்கு இதைவிட நல்ல இடம் உண்டா?

சாலை நெடுகக் கமிஷனின் விளக்க மையங்கள் உள்ளன. டுபூக்கின் மிசிசிப்பி அருங்காட்சியகமும் மீன் காட்சியகமும், ஆல்ட்டன் பக்கம் அணையை ஒட்டிய நேஷனல் கிரேட் ரிவர்ஸ் மியூசியம், ஹெலினாவின் டெல்டா பண்பாட்டு மையம் என்று பட்டியல் நீளும். வரவேற்பு மேசையில் உட்காரத் தன்னார்வலர் வேண்டும் என்று இவற்றில் எதைக் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. வருபவர்களிடம் எந்த ஊரிலிருந்து, எத்தனை பேர், இன்றிரவு எங்கே தங்கல் என்று மூன்றைக் கேட்டு எழுதிவையுங்கள். நிதி கேட்கும்போது அந்த நோட்டு பேசும்.

ஒன்பதாம் படி: பணமும் மணிக்கணக்கும்

மத்திய எழில்வழிச் சாலை மானியம் பொதுவாகச் செலவில் 80 விழுக்காட்டைத் தரும். மீதி 20-ஐ உள்ளூரில் திரட்ட வேண்டும். பல மானியங்களில் தன்னார்வலர் உழைத்த நேரத்தையும் அந்த 20-இல் சேர்க்க அனுமதி உண்டு. ஒரு மணி நேரத்தின் மதிப்பாக அமெரிக்கத் தொண்டு அமைப்புகள் பயன்படுத்தும் தொகை இப்போது 30 டாலருக்கும் மேல். பத்துப் பேர் நாள் முழுக்கப் பக்தார்ன் வெட்டினால் இரண்டாயிரம் டாலருக்கு மேல் ஆகிறது. ஆனால் தேதி, பெயர், வேலை, மணி, கையெழுத்து எல்லாம் இருக்கும் தாள் வேண்டும். ‘நாங்க நிறைய வேலை செஞ்சோம்’ என்பதற்கு மதிப்பு பூஜ்யம். வண்டியிலேயே ஒரு கிளிப்போர்டு வைத்திருங்கள். எந்தச் செலவு, எந்த நேரம் சேரும் என்று மானிய அறிவிப்பைப் படித்து, வேலை தொடங்கும் முன்பே மாநில ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

பத்தாம் படி: எதிர்க்கரையில் ஒரு நண்பர்

ஆறு பெரும்பாலும் மாநில எல்லை. மினசோட்டாக் கரையில் நின்று பார்க்கும் காட்சி விஸ்கான்சினுடையது; அங்கே குன்றில் யாராவது எதையாவது கட்டினால் இங்கிருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை. அதனால் எதிர்க்கரையில் உங்களைப் போல ஒருவர் வேண்டும். நீங்கள் அவர் கரையைப் பார்ப்பீர்கள், அவர் உங்கள் கரையைப் பார்ப்பார். பாலத்தை மூடினாலும் வெள்ளம் வந்தாலும் முதல் தகவல் அப்படித்தான் வரும். 1993 பெருவெள்ளத்தில் இல்லினாயின் வால்மையர் என்ற ஊர் மூழ்கி, ஊரையே தூக்கிக்கொண்டுபோய் மேட்டில் வைத்தார்கள். இந்த ஆற்றங்கரையில் வரைபடம் நிரந்தரமல்ல. கென்டக்கிக்கு இந்தச் சாலையில் கிடைத்திருப்பது மேற்கு மூலையில் சின்னத் துண்டுதான், ஆனால் அந்த மாநிலத்திலிருந்து துண்டிக்கப்பட்டு, மிசூரிக்கும் டென்னசிக்கும் நடுவில் ஆற்று வளைவுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு கென்டக்கி நிலமும் இருக்கிறது. வரைபடத்தில் தேடிப் பாருங்கள், சிரிப்பு வரும்.

மூன்று நான்கு வருடம் ஆனதும் வேலை மாறும், வீடு மாறும், விசா மாறும். போகும் முன்பு நோட்டுப்புத்தகத்தையும் கிளிப்போர்டையும் கொடுக்க ஓர் ஆளைப் பிடித்துவையுங்கள். கொடுத்துவிட்டு, அந்த முப்பது மைலையும் அவரோடு ஒருமுறை இரு திசைகளிலும் போய்வாருங்கள். வண்டியை நீங்கள் ஓட்டுங்கள், அவர் எழுதட்டும்.